ஹாரோ தோட்டத்தில் ஒரு கிரீன்ஃபிஞ்ச்: குளிர்காலத் தீனியும் தொண்டை நோயும்

டிசம்பர் இரண்டாம் வாரம், சனிக்கிழமை காலை எட்டரை மணி. லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஹாரோவில் எங்கள் வீடு. பின்பக்கம் சின்னத் தோட்டம், கடைசியில் மரவேலி, வேலி முழுக்க ஐவிக் கொடி. சமையலறைக் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற மகள், "அப்பா, அந்தக் குருவி மட்டும் பறக்க மாட்டேங்குதுப்பா" என்றாள்.

நான் கதவைத் திறந்ததும் மற்றதெல்லாம் வேலிக்குப் பறந்துவிட்டன. தீனித் தட்டின் ஓரத்தில் ஒன்று மட்டும் இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆண் கிரீன்ஃபிஞ்ச். ஊர்க்குருவி அளவுதான் இருக்கும். ஆலிவ் பச்சை உடம்பு, இறக்கையோரம் மஞ்சள் தீற்றல், தடித்த அலகு. சூரியகாந்திப் பருப்பு ஒன்றை எடுத்து மென்றது, கழுத்தை முன்னால் நீட்டி விழுங்கப் பார்த்தது, முடியவில்லை, பருப்பு எச்சிலோடு தட்டிலேயே விழுந்தது. அதையே திரும்ப எடுத்தது. அலகைச் சுற்றி ஈரம், அந்த ஈரத்தில் பருப்புத் தூள் களிம்பு போல ஒட்டியிருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் போயும் அது நகரவில்லை. மறுநாள் வேலியடியில் செத்துக் கிடந்தது. அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் இரண்டு.

குளிர்காலத்தில் தோட்டத்துக்குப் பறவைகளை வரவழைப்பது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த மூன்று சாவுக்கும் நான் வைத்த தட்டுக்கும் தொடர்பு இருந்தது. அது எப்படி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. இங்கே தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் தீனி வைக்கிறார்கள், அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில், ஏன் தீனி வைக்கிறோம் என்பது. ப்ளூ டிட் என்று ஒரு குட்டிப் பறவை, நீலத் தொப்பியும் மஞ்சள் வயிறுமாக எல்லாத் தோட்டத்திலும் வரும். எடை சுமார் 11 கிராம். இருபது பென்ஸ் காசு இரண்டை உள்ளங்கையில் வைத்தால் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. அதற்குள் தின்றதை வைத்து மீதிப் பதினாறு மணி நேர இருட்டில் உடம்புச் சூட்டைக் காப்பாற்றியாக வேண்டும். ஒரே இரவில் எடையில் இருபதில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்துபோகும். காலையில் எழுந்ததும் இரை கிடைக்காவிட்டால் அடுத்த இரவைத் தாண்டுவது சந்தேகம். 1962-63 குளிர்காலம் இங்கிலாந்தில் இருநூறு வருடங்களுக்கு மேல் காணாத குளிர் என்கிறார்கள். ரென் என்ற சின்னஞ்சிறு பறவையில் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஒரே பருவத்தில் அழிந்தது. கடுங்குளிரில் ரென்கள் சூட்டுக்காக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும், 1969இல் நார்ஃபோக்கில் ஒரே கூட்டுப்பெட்டிக்குள் அறுபதுக்கும் மேல் அடைந்ததை எண்ணியிருக்கிறார்கள்.

பிரிட்டனில் இந்தப் பழக்கத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1890-91 கடுங்குளிரில் பறவைகளுக்கு ஏதாவது போடுங்கள் என்று பத்திரிகைகளே மக்களைக் கேட்டுக்கொண்டன. இன்று இங்கே பாதி வீடுகளில் தீனி வைக்கிறார்கள். ரொட்டித் துண்டு போட்ட காலம் போய், சூரியகாந்திப் பருப்பு, நிலக்கடலை, கொழுப்பு உருண்டை, நைஜர் விதை என்று பெரிய வியாபாரமாகவே ஆகிவிட்டது. இந்த நைஜர் வேறொன்றுமில்லை, கிருஷ்ணகிரிப் பக்கம் மானாவாரியில் விதைக்கிற பேயெள்ளுதான். முதல் முறை பொட்டலத்தைப் பிரித்து அந்தக் கறுப்பு விதையை உள்ளங்கையில் கொட்டியபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

தீனியால் நடந்த மாற்றமும் சின்னதில்லை. 2019இல் வந்த ஓர் ஆய்வு 1970களிலிருந்து சேர்த்த தோட்டக் கணக்குகளை அலசியது: 1973இல் ஃபீடர்களுக்கு, அதாவது தொங்கவிடும் தீனிக் கூடுகளுக்கு, வந்த பறவைகளில் பாதி வெறும் இரண்டே இனம், நாற்பது வருடத்தில் அந்தப் பாதியைப் பங்குபோடும் இனங்கள் மூன்று மடங்காகிவிட்டன. பிளாக்கேப் என்ற பாடும் பறவையின் கதை இன்னும் ஆச்சரியம். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்துப் பிளாக்கேப்புகள் குளிருக்குத் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போகிறவை. இப்போது அதில் ஒரு கூட்டம் வடமேற்கே திரும்பி பிரிட்டனுக்கு வருகிறது. எந்தத் திசையில் போவது என்பது குஞ்சுக்குப் பரம்பரையாகவே வருகிறது என்று 1992இல் பீட்டர் பெர்தோல்டும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அப்புறம் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், பழக்கம் நிலைத்ததற்குத் தோட்டத் தீனியும் கொஞ்சம் இளகிய குளிரும் காரணம் என்று தெரிந்தது. ஒரு பறவையின் வலசைப் பாதையையே மாற்றுகிற அளவுக்குப் பின்தோட்டத்துத் தட்டுக்குப் பலம் உண்டு. அந்தப் பலம் நல்லதுக்கு மட்டும் வேலை செய்யும் என்று நினைத்ததுதான் தப்பு.

சரி, கிரீன்ஃபிஞ்சுக்கு வருவோம். அதைக் கொன்றது, அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், ட்ரைக்கோமோனோசிஸ். ட்ரைக்கோமோனாஸ் காலினே என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி தொண்டையிலும் உணவுக்குழலிலும் பற்றிக்கொள்ளும். உள்ளே புண்ணாகி வீங்கி, மஞ்சளாகக் கட்டி படிந்து, வழி அடைத்துவிடும். பசி இருக்கும், இரை கண்ணெதிரே இருக்கும், விழுங்கத்தான் முடியாது. புறா வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை, புறாவின் வாய்க்குள் மஞ்சள் கட்டி கட்டுகிற அதே நோய்தான். மனிதருக்கு இது தொற்றாது.

காலங்காலமாகப் புறாவிலும், புறாவைத் தின்னும் வல்லூறு வகைகளிலும் இருந்த இந்த நோய், 2005இல்தான் பிரிட்டனில் ஃபிஞ்ச் பறவைகளில் முதல் முறையாகத் தென்பட்டது. புறாவிடமிருந்து தாவியது என்றே கருதுகிறார்கள். இரண்டும் ஒரே தட்டில் தின்னும், ஒரே தண்ணீரைக் குடிக்கும். 2006இல் பெரிதாக வெடித்தது. நோய் கடுமையாக இருந்த பகுதியில் அடுத்த வருடத்துக்குள் கூடு கட்டும் கிரீன்ஃபிஞ்ச் 35 சதவீதமும் அதன் உறவுப் பறவையான சாஃபிஞ்ச் 21 சதவீதமும் குறைந்தன, ஐந்து லட்சத்துக்கு மேல் பறவைகள் செத்திருக்கும் என்று 2010இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2008இல் நோய் கடல் தாண்டி ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே என்று போனது. வலசை போன சாஃபிஞ்ச்தான் சுமந்துபோயிருக்க வேண்டும். பிரிட்டனில் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் சில வருடங்களுக்குள் 28 லட்சத்துக்கு இறங்கியது. 2021 டிசம்பரில் வந்த பறவைப் பாதுகாப்புப் பட்டியலில் அதைப் பச்சையிலிருந்து நேரே, ஆபத்து மிகுந்த இனங்களுக்கான சிவப்புக்குத் தள்ளிவிட்டார்கள், நடுவில் மஞ்சளில்கூட நிற்கவில்லை. 1993இலிருந்து 62 சதவீத வீழ்ச்சி. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தெருவுக்குத் தெரு பார்த்த பறவை அது.

ஏன் கிரீன்ஃபிஞ்ச், ஏன் ப்ளூ டிட் இல்லை? இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் ஜன்னலில் பார்த்தே கொஞ்சம் புரிந்துகொண்டேன். ப்ளூ டிட் பறந்து வந்து ஒரே ஒரு பருப்பைக் கொத்தி எடுத்துக்கொண்டு போய்விடும், பக்கத்துக் கிளையில் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கொத்திக் கொத்தித் தின்னும், முடிந்ததும் அடுத்ததுக்கு வரும். கிரீன்ஃபிஞ்ச் அப்படியில்லை. தட்டில் வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், பத்து நிமிஷம் கால் மணி நேரம் அங்கேயே அரைக்கும். வாயில் உருட்டும்போது பாதி வெளியே விழும். நாலைந்து சேர்ந்து உட்கார்ந்தால் ஒன்றின் வாயிலிருந்து விழுந்ததை இன்னொன்று எடுக்கும். எச்சிலில் இருக்கும் ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதியான வழி கிடையாது.

அடுத்தது ஈரம். இந்த ஒட்டுண்ணிக்குக் கெட்டியான மேலோடு எதுவும் இல்லை, காய்ந்தால் செத்துவிடும். ஈரத் தீனியிலும் அழுக்குத் தண்ணீரிலும் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். இங்கிலாந்துக் குளிர்காலமோ முழுக்க ஈரம். என் தட்டு மரத்தால் செய்தது, மேலே சின்னக் கூரை உண்டு, ஆனால் சாரல் அடிக்கும். தினமும் காலையில் ஒரு கை பருப்பை அள்ளிப் பழசின் மேலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். அந்த மூன்று சாவுக்கு அப்புறம் தட்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் விரற்கடை கனத்துக்குக் கறுத்த சேறு. நொறுங்கிய பருப்பு, தோல், எச்சம், பூஞ்சணம் எல்லாம் சேர்ந்து ஊறிய சேறு. புளித்த மாவு நாற்றம். செப்டம்பரில் வைத்ததிலிருந்து ஒரு தடவைகூட நான் அதைக் கழுவியிருக்கவில்லை. பறவைகள் நிறைய வருகின்றன என்பதையே நல்லதுக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே பார்வையில் பத்து தெரிகிறதென்றால் நாள் முழுக்க வந்துபோவது அதைப்போலப் பல மடங்கு என்பது காலில் வளையம் மாட்டிக் கணக்கெடுப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். அத்தனை பேர் சாப்பிட்ட இலையை எடுக்காமல் அதிலேயே அடுத்த பந்தி பரிமாறியது மாதிரிதான் நான் செய்தது.

கார்டன் வைல்ட்லைஃப் ஹெல்த் என்று ஒரு திட்டம் இருக்கிறது. லண்டன் விலங்கியல் சங்கம், பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை, ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம், தவளை இனங்களுக்கான ஃப்ராக்லைஃப் நான்கும் சேர்ந்து 2013இலிருந்து நடத்துகின்றன. நோயுற்ற பறவை, செத்த பறவை எதைக் கண்டாலும் இணையத்தில் பதியலாம். படத்தோடு பதிந்தேன். முதலில் செய்ய வேண்டியது தீனியை நிறுத்துவது. அதுதான் கஷ்டமாகவும் இருந்தது. கடுங்குளிர், விடியற்காலை ப்ளூ டிட்டுகள் வெறும் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கின்றன, நான் உள்ளே காபி குடிக்கிறேன். மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் கூட்டம் கலைய வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. நோயுள்ளது தனியாக நின்றால் தனியாகப் போகும், கூட்டத்தோடு நின்றால் கூட்டத்தையும் கொண்டுபோகும். இரண்டிலிருந்து நான்கு வாரம் என்கிறார்கள்; நாங்கள் அதையும் தாண்டிப் பிப்ரவரி வரை நிறுத்தினோம், தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்து கவிழ்த்தோம்.

இங்கே பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்கும் வயது, கணவர் போன பிறகு தோட்டத்துப் பறவைகள்தான் துணை. நான் நிறுத்தி அவர் நிறுத்தாவிட்டால் பிரயோஜனம் இல்லை, பறவைக்கு வேலிக் கணக்குத் தெரியாது. போய் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு வருடமாகவே கிரீன்ஃபிஞ்ச் செத்துக் கிடப்பதைப் பார்த்ததாகவும், குளிர் தாங்காமல் செத்தது என்று நினைத்து இன்னும் அதிகமாகத் தீனி போட்டதாகவும் சொன்னார். அன்று மாலையே அவர் ஃபீடர்களை நான் கழற்றிக் கொடுத்தேன்.

அந்த வாரங்களில் தோட்டம் காலியாகிவிடும் என்று பயந்தேன். ஆகவில்லை. வேலியில் ஐவிக் கொடி காடு மாதிரி மண்டிக் கிடக்கிறது, மார்ச்சில் வெட்டி எறியலாம் என்று ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தேன். மற்றச் செடிகளின் பழமெல்லாம் டிசம்பரோடு தீர்ந்துபோகும். ஐவிக்குக் குளிர் முடியும் சமயத்தில்தான் பழம் கறுக்கும். ஜனவரி கடைசியில் அந்தக் கறுப்புக் கொத்துகளில் பிளாக்பேர்டும் மரப்புறாவும் தொங்கிக்கொண்டு தின்றன. ராத்திரிக்கு ரென் ஒன்று அதற்குள்தான் அடைந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் அழுகிக் கிடந்த பழத்துக்கு உறைபனி விழுந்த காலையில் ஏழெட்டு ரெட்விங் வந்தன, ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வரும் பறவை அது, இறக்கைக்கு அடியில் துரு நிறம். கூட்டி அள்ளாமல் விட்ட இலைச் சருகை ராபின் கிளறிக் கிளறிப் புழு எடுத்தது. இவற்றில் எதிலும் பறவைகள் ஒன்றின் எச்சிலில் ஒன்று வாய் வைக்கவில்லை, இரை பரவலாகக் கிடந்தது. எனக்கு இதுதான் அந்தக் குளிர்காலத்தின் பெரிய பாடம்: தட்டுக்குச் செலவழிப்பதில் பாதியைச் செடிக்குச் செலவழித்திருக்கலாம். ஐவியை வெட்டவில்லை. பறவைக்குப் பழம் தரும் மரங்களான ஹாதார்ன் ஒன்றும் ரோவன் ஒன்றும் நட்டோம். டீஸல் (teasel) என்ற முள்செடியின் காய்ந்த தலைகளை இப்போது இலையுதிர்காலத்தில் வெட்டுவதே இல்லை, கோல்ட்ஃபிஞ்ச் வந்து அதில் விதை எடுக்கும்.

தீனியைத் திரும்ப ஆரம்பித்தது பிப்ரவரியில், முறையை மாற்றி. மரத்தட்டை எடுத்துவிட்டேன். தட்டையான பரப்பில் தின்றதும் கழிந்ததும் கலக்கும், அதைத் தடுக்கவே முடியாது; ஆர்எஸ்பிபியே 2025இல் தட்டையான தீனி மேசைகள் விற்பதை நிறுத்திவைத்தது. இப்போது இரண்டு குழாய் ஃபீடர், ஒரு கம்பிக்கூண்டு. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் தீரும் அளவுக்குத்தான் போடுவது. வாரம் ஒரு முறை முழுதாகக் கழற்றிச் சுடுதண்ணீரில் தேய்த்து, கிருமிநாசினியில் முக்கி, அலசி, ஈரமே இல்லாமல் காய வைத்துத்தான் திரும்ப நிரப்புவேன். காய வைப்பதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், அதுதான் முக்கியம். ஒரு செட் காயும்போது இன்னொன்று தொங்கும். பிரஷ், வாளி, கையுறை எல்லாம் வெளிக்குழாய் பக்கத்திலேயே. சமையலறைத் தொட்டிக்கு வரவே கூடாது, சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவும் இந்தப் பறவைகளில் உண்டு, அது நமக்குத் தொற்றும். மாதம் ஒரு முறை கம்பத்தை இடம் மாற்றி நடுவதால் கீழே எச்சம் சேர்வதில்லை. தண்ணீர் தினமும் புதுசு. உறைந்தால் சுடுதண்ணீரை விட்டு இளக்குவது, உப்பு போடுவது கிடையாது.

நம் சமையலறையிலிருந்து என்ன கொடுக்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உப்பில்லாத வெறும் சாதம் ஒரு பிடி போடலாம், மாலைக்குள் தீர வேண்டும், இல்லாவிட்டால் எலி வரும். தாளித்தது, மிக்சர், உப்புக்கடலை, பாக்கெட் தேங்காய்த் துருவல் எதுவும் வேண்டாம். காய்ந்த துருவல் வயிற்றுக்குள் போய் ஊதும். ஆனால் தேங்காய் மூடி நல்லது. தமிழ்க்கடையில் வாங்கிய தேங்காயை உடைத்து, தண்ணீரைக் கழுவிவிட்டு, கண்ணில் கயிறு கோத்துத் தொங்கவிட்டால் ப்ளூ டிட் தலைகீழாக நின்று பருப்பைச் சுரண்டும், இரண்டு நாளில் மூடி வழவழவென்று ஆகிவிடும். நிலக்கடலை வாங்கும்போது பூஞ்சணம் பார்த்து வாங்குங்கள். பழசாகிப் பூத்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கும், சின்ன உடம்பு தாங்காது.

கழுவியதால்தான் நோய் நின்றது என்று ஒரே ஒரு தோட்டத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குளிர்காலம் முடிந்து கூட்டம் தானாகக் கலைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அடுத்த குளிர்காலம் முழுக்க இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்த ஒரு பறவையையும் இரண்டு தோட்டத்திலும் பார்க்கவில்லை. தீனியை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது, தீனியால் தடித்த இனங்கள் பெருகி மார்ஷ் டிட், வில்லோ டிட் போன்ற ஒதுங்கிய இனங்களை நெருக்குகின்றனவோ என்ற கேள்வியும் இருக்கிறது. எனக்கு என்னவோ, கழுவ முடிந்தவர்கள் வைக்கலாம், முடியாதவர்கள் செடி நட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றுகிறது. கழுவாமல் வைப்பதற்கு வைக்காமலே இருப்பது மேல்.

ஜனவரி கடைசி வார இறுதியில் இங்கே நாடு முழுக்க ஒரு மணி நேரம் உட்கார்ந்து தோட்டத்துப் பறவைகளை எண்ணுவார்கள். ஆர்எஸ்பிபி 1979இல் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. இந்த முறை பக்கத்து வீட்டு அம்மாவும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் கணவரின் பழைய பைனாகுலர். ஊர்க்குருவி ஒன்பது, ப்ளூ டிட் நாலு, ராபின் ஒன்று, பிளாக்பேர்ட் இரண்டு. ஐம்பதாவது நிமிஷத்தில் குழாய் ஃபீடரில் பச்சையாக ஒன்று வந்து உட்கார்ந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று. மூன்று பேரும் மூச்சு விடாமல் அதன் தொண்டையையே பார்த்தோம். பருப்பை எடுத்தது, அரைத்தது, விழுங்கியது. மகள் தாளில் கிரீன்ஃபிஞ்ச் என்று எழுதி எதிரே இரண்டு என்று போட்டாள்.